நாலு வருஷமா கிடப்பில் கிடக்கும் நீச்சல் குளம்: போர் தண்ணியை வச்சே மீட்க முடியுமா?

அழகர்மலைச்சாரல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து அழகர்கோவில் போற வழியில், ரோட்டை விட்டு உள்ளே ஒரு தோட்டத்து வீடு. பின்பக்கம் இருக்கிற பூல் நாலு வருஷமா ஓடலை. விவரம் முழுசா தர்றேன், பார்த்துச் சொல்லுங்க.

அளவு 25க்கு 12 அடி. ஒரு முனையில் மூணரை அடி ஆழம், மறுமுனையில் அஞ்சரை. கான்கிரீட் தொட்டி, உள்ளே நீல மொசைக் டைல்ஸ். இருபது இருபத்தஞ்சு டைல்ஸ் பேர்ந்து கிடக்கு, நீர்மட்டக் கோட்டில் விரல் தடிமனுக்கு வெள்ளையா உப்பு. ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணியை உறிஞ்சற வாய்) ஒண்ணு, அடியில் மெயின் டிரைன் ஒண்ணு, தண்ணி திரும்பி வர்ற வாய் ரெண்டு. 24 இஞ்ச் சாண்ட் பில்டர், ஆறு நிலை வால்வு, 1 எச்பி பம்ப். பம்ப் சுத்தலை, சுவிட்ச் போட்டா உறுமுது.

ஆழமான பக்கம் ரெண்டரை அடி மழைத்தண்ணி நிக்குது. கரும்பச்சை. வேப்பிலை, புங்கம்பூ, தவளை, கொசுப்புழு எல்லாம் உண்டு.

போர் தண்ணியை லேபில் கொடுத்து எடுத்த ரிப்போர்ட்: பிஎச் 7.6, மொத்தக் காரத்தன்மை 320, மொத்தக் கடினத்தன்மை 720, கால்சியம் 160, மக்னீசியம் 78, டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) 1,650. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில்.

கேள்விகள்: (1) இருக்கிற தண்ணியைச் சுத்தப்படுத்தலாமா, மொத்தமா இறைச்சிடலாமா? (2) இந்த 720 கடினத்தன்மையை வச்சு பூல் நடத்த முடியுமா, இல்லை லாரித் தண்ணிதானா? (3) பத்து கிலோ பிளீச்சிங் பவுடரும் ஒரு கிலோ மயில்துத்தமும் கொட்டினா ரெண்டு நாளில் கண்ணாடி மாதிரி ஆயிரும்னு இங்கே ஒருத்தர் சொல்றார். சரியா?

---

கொத்துக்கரண்டி

முதல் கேள்விக்குப் பதில்: இறைச்சிடுங்க. ரெண்டரை அடி சாக்கடைக்கு மருந்து போடறது வீண் செலவு. டைல்ஸ் வேலை வேற இருக்கே.

ஆனா இறைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. பக்கத்தில் கண்மாய் இருக்கா? கிணறு இருந்தா தண்ணி எத்தனை அடியில் நிக்குது? காலி பூல் மண்ணுக்குள்ள உக்காந்திருக்கிற ஒரு படகு. சுத்தி நிலத்தடி நீர் ஏறிட்டா அடியிலிருந்து மேலே தள்ளும். உள்ளே தண்ணி இருக்கும்போது அந்த எடை அமுக்கிப் பிடிக்கும். காலியா இருந்தா தரை நடுவில் வீங்கி வெடிக்கும், பைப் வாய் எல்லாம் பிரியும். உங்க பூலின் தளம் ஸ்லாப் தடிமனோட சேர்த்து சுமார் ஆறரை அடி ஆழத்தில் இருக்கும். கிணத்துத் தண்ணி தரையிலிருந்து பத்து அடிக்குள்ள ஏறி நின்னா இறைக்காதீங்க. இப்ப ஆவணி. கண்மாய் பெரும்பாலும் வறண்டு கிடக்கும், வேலைக்கு இதான் காலம். ஐப்பசி மழை பிடிச்சு கண்மாய் பெருகின பிறகு எவ்வளவு அவசரம்னாலும் பூலைக் காலியா போடக்கூடாது.

இறைக்க சாதாரண மோட்டார் வேண்டாம், இலை அடைச்சிக்கும். வாடகைக்குக் கிடைக்கிற மட் பம்ப் எடுங்க. பெரிய குப்பையை முதலில் வலையில் அள்ளிடுங்க. மெயின் டிரைன் வாயைச் சாக்குத்துணியால் அடைச்சுட்டு அப்புறம் சேற்றைத் தொடுங்க. சேறு அந்தப் பைப்புக்குள்ள போனா எடுக்கறது பெரும்பாடு. தண்ணியைத் தென்னை மரத்துப் பாத்திக்கு விடலாம், மருந்து எதுவும் இன்னும் போடலையே.

காலி ஆன அன்னிக்கே மேலே பச்சை வலை கட்டிடுங்க. நாலு வருஷம் ஈரத்தில் இருந்த டைல்ஸ் வெயிலில் ஒரே நாளில் சூடாகி விரியும், நல்லா இருக்கிறதும் பேர ஆரம்பிக்கும். வேலை முடியற வரைக்கும் காலையும் மாலையும் தண்ணி தெளிங்க.

அடுத்து தட்டிப் பார்க்கிற வேலை. சுத்தியல் கைப்பிடியைத் திருப்பி ஒவ்வொரு அடிக்கும் தட்டுங்க. இறுகிப் பிடிச்ச டைல் "டிக்"னு வறட்டுச் சத்தம் கொடுக்கும், உள்ளே காத்து இருந்தா "டொப்"புனு வரும். டொப்புனு வர்ற அத்தனையையும் சாக்பீஸால் வட்டம் போட்டு எடுத்துடுங்க. பேர்ந்தது இருபத்தஞ்சுனா தட்டினதுக்கு அப்புறம் நூறைத் தாண்டும், மலைக்காதீங்க.

விரிசல் இருந்தா மேலே சிமெண்ட் பூசி மறைக்கறது பிரயோஜனமில்லை. அரை இஞ்ச் ஆழம் வி வடிவில் வெட்டி, தூசியைக் கழுவி, பாலிமர் கலந்த மோர்ட்டார் வச்சு அடைக்கணும். கசிவு எப்பவுமே பெரும்பாலும் மூணு இடம்தான்: ஸ்கிம்மர் தொட்டியும் கான்கிரீட்டும் சேர்ற இடம், லைட் குழி, திரும்பி வர்ற பைப்பின் கழுத்து. அங்கெல்லாம் சுருங்காத கிரவுட் போடுங்க. அதுக்கு மேலே ரெண்டு டப்பா கலந்து பூசற பாலிமர் சிமெண்ட் வாட்டர்புரூபிங், ரெண்டு கோட். முதல் கோட் படுக்கையா இழுத்தா ரெண்டாவது நெட்டையா. காய்ஞ்சதும் டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே தண்ணி நிரப்பி ரெண்டு நாள் விடுங்க. டைல்ஸ் ஒட்டின பிறகு கசிவைத் தேடறது வைக்கோல்போரில் ஊசி தேடற கதை.

இடைவெளிக்கு வெள்ளை சிமெண்ட் பூசற பழக்கம் நம்ம ஊர் மேஸ்திரிகள்கிட்ட உண்டு. பாத்ரூமுக்குச் சரி. பூலில் ஆசிட்டும் குளோரினும் அதை மெல்ல அரிச்சு, குழி விழுந்து, அந்தக் குழியில் கறுப்புப் பாசி வேர் பிடிக்கும். எபாக்ஸி கிரவுட் போடுங்க. வேலை முடிஞ்சு பதினாலு நாள் கழிச்சு நிரப்புங்க.

பைப் டெஸ்ட்டையும் இப்பவே முடிங்க. ரெண்டு முனையையும் அடைச்சு, 1.5 கிலோ பிரஷர் ஏத்தி, அரை மணி நேரம் கேஜ் முள்ளைப் பாருங்க. முள் இறங்கினா மண்ணுக்கடியில் எங்கேயோ ஜாயிண்ட் விட்டிருக்கு.

---

தோப்புக்காரன்

மூணாவது கேள்விக்கு: மயில்துத்தம்னா ஏன் தயங்கறீங்கனு தெரியலை. தோட்டத்துத் தொட்டிக்கெல்லாம் காலங்காலமா போடறதுதான். பாசி அன்னிக்கே செத்துடும். செலவும் கம்மி.

---

துளிச்சோதனை

தோப்புக்காரன் அண்ணே, பாசி சாகும்ங்கறது உண்மை. தொட்டியில் அதோட முடிஞ்சது. பூலில் குளிக்கறோம், தண்ணியை மாசக்கணக்கா மாத்தாம சுத்த விடறோம். மயில்துத்தம்ங்கறது செம்பு உப்பு. காரத்தன்மை 320 இருக்கிற தண்ணியில் அந்தச் செம்பு கரைஞ்சு நிக்காது. கார்பனேட்டா மாறி டைல் இடுக்கில் நீலப்பச்சையாவும் கறுப்பாவும் படியும். வெளுத்த முடி இருக்கிறவங்களுக்கு முடி பச்சை ஏறும். அந்தத் தண்ணி என்னிக்காவது கண்மாய்க்குப் போனா மீன் மிதக்கும். பாசியை அடக்க குளோரின் ஒண்ணே போதும்ங்கிறப்ப இந்தத் தலைவலி எதுக்கு?

பிளீச்சிங் பவுடர் பத்து கிலோவும் தப்புக் கணக்கு. பூலின் கொள்ளளவு: 25 × 12 × சராசரி 4.5 = 1,350 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 38,000 லிட்டர் சொச்சம். இந்த அளவை பம்ப் ரூம் சுவரில் பெயிண்டால் எழுதிடுங்க, இனி எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான். பவுடரில் குளோரின் மூணில் ஒரு பங்கு. பத்து கிலோ கொட்டினா 87 பிபிஎம் (லிட்டருக்கு 87 மில்லிகிராம்) வரும். குளிக்கத் தேவை 3. பவுடரில் குளோரின் போக மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு, அது கரையாம அடியில் வெள்ளைச் சேறா நிக்கும்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. 720ஐப் பார்த்துப் பயந்துட்டீங்க. பூலில் சுண்ணாம்பு படியறதுக்குக் கணக்கு பார்க்கறது கால்சியத்தை மட்டும். லேப் ரிப்போர்ட்டில் கால்சியம் 160னு போட்டிருக்கறது தனிக் கால்சியம். அதை 2.5ஆல் பெருக்கினா 400; இதான் பூல்காரங்க சொல்ற கால்சியம் கடினத்தன்மை. மீதி 320 மக்னீசியம், அது ஓரமா இருந்துட்டுப் போகட்டும். 400ங்கறது பூலுக்கு மேல் விளிம்பு, ஆனா விளிம்புக்குள்ளதான். லாரித் தண்ணி தேவையில்லை.

வில்லன் கடினத்தன்மை இல்லை, காரத்தன்மை 320தான். 1936லேயே லாங்லியர்ங்கறவர் போட்டுக் கொடுத்த கணக்கு இது: பிஎச் + வெப்பக் காரணி + கால்சியம் காரணி + காரத்தன்மைக் காரணி − 12.2 (டிடிஎஸ் ஆயிரத்துக்குக் கீழேனா 12.1). பதில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரணும். பிளஸ் அரைக்கு மேல் போனா சுண்ணாம்பு படியும், மைனஸ் அரைக்குக் கீழே போனா தண்ணி கிரவுட்டை அரிக்கும். போர் தண்ணி பூமிக்குள்ள 7.6ல் இருந்தாலும் வெளியே வந்து காத்து பட்டா அதிலிருக்கிற கரியமில வாயு பறந்து பிஎச் 8.3 வரை ஏறிடும். 30 டிகிரித் தண்ணிக்கு, காரணிகளை அட்டவணையிலிருந்து எடுத்துப் போட்டா:

8.3 + 0.7 + 2.2 + 2.5 − 12.2 = 1.5

உங்க நீர்மட்டக் கோட்டில் இருக்கிற விரல் தடிமன் உப்பு இந்த 1.5தான். காரத்தன்மையை 80க்கும் பிஎச்சை 7.4க்கும் இறக்கினா:

7.4 + 0.7 + 2.2 + 1.9 − 12.2 = 0

அதே கால்சியம், ஒரு சொட்டு லாரித் தண்ணி சேர்க்காம.

இறக்கறது ஆசிட்டால். கெமிக்கல் கடையில் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்னு கேட்டு வாங்குங்க. கக்கூஸ் கழுவ பாட்டிலில் விக்கிற மஞ்சள் ஆசிட் வேண்டாம், பலம் தெரியாது, இரும்பு இருக்கும். உங்க பூலுக்கு 800 மில்லி ஆசிட் காரத்தன்மையை 10 குறைக்கும். 320லிருந்து 80க்கு 19 லிட்டர் ஆகும். இதை ஒரே நாளில் ஊத்திடாதீங்க! முதல் நாள் 2.5 லிட்டர், பிஎச் 7.2 பக்கம் விழும். திரும்பி வர்ற வாய் ரெண்டையும் மேல்நோக்கித் திருப்பி, தண்ணி கொப்பளிக்கிற மாதிரி ராத்திரி பூரா ஓட விடுங்க. பிஎச் தானா 7.8க்கு மேல் ஏறும், ஆனா இறங்கின காரத்தன்மை இறங்கினதுதான். மறுநாள் திரும்ப ஆசிட். காரத்தன்மை குறையக் குறைய ஒவ்வொரு தரமும் தேவைப்படற ஆசிட்டும் குறையும்: 150 ஆகும்போது ஒண்ணேகால் லிட்டருக்கே 7.2க்கு வந்துடும். பன்னெண்டு பதிமூணு தரம், அதாவது ரெண்டு வாரம் பிடிக்கும். ஊத்தற முறை: வாளியில் முக்கால்வாசி தண்ணி எடுத்து அதில் ஆசிட்டைச் சேர்க்கணும், ஆசிட்டில் தண்ணியைச் சேர்க்கக் கூடாது. பம்ப் ஓடும்போது ஆழமான பக்கம், திரும்பி வர்ற வாய்க்கு எதிரே, நடந்துக்கிட்டே மெல்ல. காத்து முதுகுப் பக்கம் இருக்கணும்.

நிரப்பறதுக்கு முன்னாடி ஒரு வாளிச் சோதனை. பத்து லிட்டர் போர் தண்ணியில் பத்து சொட்டு ஹைப்போ (தண்ணியா விக்கிற குளோரின்) விட்டு ராத்திரி வைங்க. காலையில் டீத்தண்ணி நிறம் வந்தா இரும்பு இருக்கு, திரும்ப இங்கே எழுதுங்க, அதுக்கு வேற வழி. தெளிவா இருந்தா தாராளமா நிரப்புங்க.

---

பில்டர்மணல்

பம்ப், பில்டர் பத்தி யாரும் தொடலை.

உறுமுது ஆனா சுத்தலைனா ரெண்டில் ஒண்ணு: கெபாசிட்டர் போச்சு, இல்லை துரு பிடிச்சு ஷாப்ட் இறுகிடுச்சு. சுவிட்சை அணைச்சு, வயரைக் கழட்டி, பின்னாடி பேன் மூடியைத் திறந்து கையால் சுத்துங்க. சுத்தலைனா சுவிட்ச் போட்டுப் போட்டு முயற்சி பண்ணாதீங்க, வைண்டிங் எரியும். கழட்டினா மெக்கானிக்கல் சீலையும் சேர்த்து மாத்திடுங்க. நாலு வருஷம் காய்ஞ்ச சீல் ஓட ஆரம்பிச்ச ஒரு வாரத்தில் ஒழுகும். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். வண்டி கிரீஸ் ரப்பரை ஊத வச்சுடும்.

பில்டர் மணல் இந்நேரம் சிமெண்ட் கட்டி மாதிரி இருக்கும், துளிச்சோதனை சொன்ன அந்த 1.5 கணக்கில் ஓடின தண்ணியாச்சே. முழுசா மாத்துங்க. 24 இஞ்ச் டாங்குக்கு சுமார் 150 கிலோ, மூணு மூட்டை. சரியான எடை டாங்க் லேபிளில் இருக்கும். 0.4லிருந்து 0.8 மில்லிமீட்டர் சிலிக்கா மணல்னு கேளுங்க. ஆத்து மணலைச் சலிச்சுப் போடற வேலை வேண்டாம், அதில் களிமண் இருக்கும், அளவும் தாறுமாறா இருக்கும்.

பழைய மணலை அள்ளினதும் அடியில் விசிறி மாதிரி பரவியிருக்கிற குழாய்கள் தெரியும். ஒவ்வொண்ணையும் விரலால் தடவி விரிசல் பாருங்க. ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் நாளைக்கு பூல் தரையில் திரும்பி வர்ற வாய்க்கு நேரா மணல் குவியும். புது மணல் கொட்டறதுக்கு முன்னாடி டாங்கில் பாதி தண்ணி நிரப்புங்க, மணல் அந்தக் குழாய்கள் மேலே நேரா விழாம மெத்துனு உக்காரும். நடுக்குழாய் வாயை பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்க. இதை மறந்தா உள்ளே போன மணலை எடுக்க முடியாது.

ஆறு நிலை வால்வின் கைப்பிடியை பம்ப் ஓடும்போது திருப்பவே கூடாது. உள்ளே சக்கரம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கு, அது பிய்ஞ்சு போகும்; அப்புறம் பேக்வாஷ் (தண்ணியைத் தலைகீழா விட்டு மணலைக் கழுவறது) பைப்பில் எந்நேரமும் தண்ணி ஒழுகிட்டே இருக்கும், "பூல் கசியுது"னு கொத்தனாரைக் கூப்பிடுவீங்க.

புது மணல் போட்டதும் மூணு நிமிஷம் பேக்வாஷ், ஒரு நிமிஷம் ரின்ஸ், அப்புறம்தான் பில்டர் நிலை. அப்ப கேஜில் என்ன காட்டுதோ அதை டாங்கில் மார்க்கரால் எழுதிடுங்க. அதிலிருந்து 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினா பேக்வாஷ். வாரம் ஒரு தரம்னு காலண்டர் பார்த்துப் பண்ணாதீங்க, கொஞ்சம் அழுக்கு ஏறின மணல்தான் நுணுக்கமா வடிகட்டும்.

மணிக்கு பத்தாயிரம் லிட்டர் தள்ளற பம்ப்னா நாலு மணி நேரத்தில் ஒரு சுத்து. கோடையில் ரெண்டு சுத்து, எட்டு மணி நேரம். மழைக்காலத்தில் அஞ்சாறு மணி போதும். திரும்பி வர்ற தண்ணியில் குமிழ் வந்துக்கிட்டே இருந்தா உறிஞ்சற பக்கம் எங்கேயோ காத்து இழுக்குது. முதலில் கூடை மூடியின் ஓ-ரிங்கைப் பாருங்க.

---

மூணுபேஸ்

குறுக்க ஒரு வரி. பூலுக்குப் போற லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற சுவிட்ச்) தனியா போடுங்க. ஏணியும் கைப்பிடியும் ஸ்டீல்னா அதையும் எர்த்தோட இணைக்கணும். தண்ணிக்குள்ள இருக்கிற லைட் 12 வோல்ட்தானானு பாருங்க. நேரா 230 வோல்ட் போற லைட்டா இருந்தா அதை ஒழுக்கு அடைச்சு ரிப்பேர் பண்ற பேச்சே வேண்டாம், கழட்டி வீசிட்டு 12 வோல்ட் மாத்துங்க. டிரான்ஸ்பார்மர் பூல் ஓரத்தில் இருக்கக் கூடாது, பம்ப் ரூமுக்குள்ள இருக்கட்டும். நாலு வருஷத்தில் எலி கடிச்ச வயர் எத்தனைனு யாருக்குத் தெரியும், மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வச்சுப் பார்த்துட்டு கரண்ட் கொடுங்க.

---

அழகர்மலைச்சாரல்

எல்லாருக்கும் நன்றி. கண்மாய் வடக்கே 200 அடியில் இருக்கு, இப்ப வறட்சி. கிணத்துத் தண்ணி 22 அடியில். அதனால இந்த வாரமே இறைக்க ஏற்பாடு.

துளிச்சோதனை அண்ணே, குளோரின் எந்த வகை வாங்கறது? கடையில் மூணு காட்டறாங்க: கால்சியம் ஹைப்போ குருணை, மாத்திரை, கேனில் தண்ணியா இருக்கிற ஹைப்போ. விலையைப் பார்த்தா கேன் மலிவு, மாத்திரை சௌகரியம்.

---

துளிச்சோதனை

உங்க தண்ணிக்குக் கேன்தான். ஏன்னு சொல்லிடறேன், இல்லைனா ஆறு மாசம் கழிச்சு மாத்திடுவீங்க.

25க்கு 12 அடி பரப்பிலிருந்து நம்ம ஊர் கோடையில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானா 165 லிட்டர் போகும், மாசம் அஞ்சாயிரம். ஆவியாகறது தண்ணி மட்டும்தான், உப்பு பூலிலேயே தங்கிடும். அந்த அஞ்சாயிரத்தைப் போரிலிருந்து நிரப்பினா மாசத்துக்குக் கால்சியம் கடினத்தன்மை 50க்கு மேல், காரத்தன்மை 40 ஏறும். இது தவிர்க்க முடியாத வரவு. கால்சியம் ஹைப்போ குருணை போட்டீங்கனா ஒவ்வொரு பிபிஎம் குளோரினோடவும் 0.7 பிபிஎம் கால்சியம் கடினத்தன்மை வரும். நாளைக்கு 3னு வச்சா மாசத்துக்கு இன்னொரு 60. ரெண்டும் சேர்ந்தா மாசி, பங்குனி, சித்திரை மூணே மாசத்தில் 400 எழுநூறைத் தாண்டிடும். நல்ல சரக்குதான், மென்தண்ணி ஊருக்கு.

மாத்திரையில் வேற சிக்கல். வெயிலில் குளோரின் சிதையாம காக்கிற சயனூரிக் ஆசிட், கடையில் ஸ்டெபிலைசர்னு சொல்றது, மாத்திரைக்குள்ளேயே இருக்கு. 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம். 30லிருந்து 50 வரை இருந்தா நல்லது. இல்லாத தண்ணியில் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்தில் குளோரின் பாதி போயிடும். ஆனா ஸ்டெபிலைசர் ஆவியாகாது, செலவாகாது, ஏறிக்கிட்டே போகும். மூணு மாசம் மாத்திரையே போட்டா 150ஐத் தாண்டும். அப்ப கிட்டில் குளோரின் 3னு காட்டும், தண்ணி பச்சையா இருக்கும், "மருந்து போட்டும் பாசி வருது"ன்னு புலம்புவீங்க. ஸ்டெபிலைசர் அளவில் நூத்துக்கு ஏழு எட்டு பங்காவது குளோரின் எப்பவும் இருக்கணும்ங்கறது கணக்கு. 40க்கு 3 போதும். 150க்கு 11 வேணும்.

ஆனா மாத்திரையை முழுசா ஒதுக்க வேண்டாம். 200 கிராம் மாத்திரை பத்து வாங்குங்க. நிரப்பின முதல் ரெண்டு வாரம் மிதக்கிற டப்பாவில் போட்டு விடுங்க. பத்தும் கரைஞ்சு முடியும்போது ஸ்டெபிலைசர் 28 பக்கம் வந்திருக்கும். மாத்திரையே ஆசிட் தன்மை, உங்க காரத்தன்மையையும் கொஞ்சம் தின்னும். அதோட மாத்திரைக்குக் கும்பிடு, கேனுக்கு மாறிடுங்க. ஸ்கிம்மர் கூடையில் மட்டும் மாத்திரையைப் போடாதீங்க, பம்ப் நிக்கும்போது அங்கே தேங்கற தண்ணி புளிச்சு ஆசிட்டாகி பம்பை அரிக்கும்.

கேன் 10 சதவீதம்னா 380 மில்லிக்கு 1 பிபிஎம். கோடையில் நாளைக்கு ஒரு லிட்டர் சொச்சம், பொழுது சாய்ஞ்ச பிறகு. ஒரு மாசத்துக்கு மேல் வாங்கி வைக்காதீங்க, நம்ம வெயிலில் ஹைப்போ சீக்கிரம் பலம் இழக்கும். பெரிய கடையில், சரக்கு ஓடற இடத்தில் வாங்குங்க.

உயிர் போற விஷயம் ரெண்டு. ஆசிட்டும் ஹைப்போவும் ஒரே வாளியில் பட்டா குளோரின் வாயு கிளம்பும். மாத்திரையும் குருணையும் ஈரத்தில் சேர்ந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அளவுக் கரண்டியைக்கூட ரெண்டுக்கும் பயன்படுத்தாதீங்க. ஆசிட் போட்ட நாலு மணி நேரம் கழிச்சு ஹைப்போ.

கிட் வாங்கும்போது மஞ்சள் நிறம் காட்டற ஓடிஓ சொட்டு வேண்டாம், அது மொத்தக் குளோரினைக் காட்டும், வேலை செய்யற குளோரின் எவ்வளவுனு தெரியாது. இளஞ்சிவப்பு வர்ற டிபிடி கிட் வாங்குங்க. அதிலும் ஒரு ஏமாத்து உண்டு: குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா நிறம் வந்து உடனே வெளுத்துடும். பூஜ்யம்னு நினைச்சு மேலும் ஊத்திடாதீங்க. சந்தேகம் வந்தா பாதி பூல் தண்ணி, பாதி கேன் குடிதண்ணி கலந்து பாருங்க.

---

அழகர்மலைச்சாரல்

நிலவரம்: டைல்ஸ், வாட்டர்புரூபிங் முடிஞ்சு நிரப்பியாச்சு. வாளிச் சோதனையில் நிறம் வரலை. ஆசிட் ரெண்டு தரம் போட்டாச்சு, காரத்தன்மை 260. நேத்து சாயங்காலம் குளோரின் கம்மியா இருக்குனு வேலை பார்க்கிற தம்பி பழைய குருணை டப்பாவில் இருந்த அரைக் கிலோவை அப்படியே கொட்டிட்டார். காலையில் பார்த்தா பூல் பால் ஊத்தின மாதிரி. படிக்கட்டே தெரியலை. பிஎச் 8.2. மிதக்கிற டப்பாவை அவர் கொட்டின உடனே வெளியே எடுத்துட்டேன். படிகாரம் போட்டு அடியில் உக்கார வைக்கலாமா?

---

துளிச்சோதனை

டப்பாவை எடுத்தது நல்ல காரியம். படிகாரம் இப்ப வேண்டாம்.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணியை மொண்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டுக் கலக்குங்க. பத்து எண்ணறதுக்குள்ள கலங்கல் மறைஞ்சு தெளிஞ்சா அது சுண்ணாம்பு. அப்படியே நின்னா செத்த பாசி இல்லை மண்தூசி. உங்க அளவுகளைப் பார்த்தா சுண்ணாம்புதான். காரத்தன்மை 260 இருக்கும்போது குருணை விழுந்த இடத்தில் பிஎச் ஒரேயடியா எகிறி கால்சியம் கார்பனேட்டா வெளியே வந்துடுச்சு.

வெளியே வந்தது திரும்பக் கரையும். ரெண்டு லிட்டர் ஆசிட், சாயங்காலத்துக்குள்ள பிஎச் 7.2. இந்த ஒரு ராத்திரி மட்டும் வாய்களைக் கீழே திருப்பிடுங்க, தண்ணி கொப்பளிக்க வேண்டாம். பிஎச் இறங்கியே இருக்கட்டும். இருபத்துநாலு மணி நேரம் பில்டர் நிலையில் ஓட்டுங்க, கேஜ் பாருங்க, நடுவில் ஒரு பேக்வாஷ் தேவைப்படலாம்.

படிகாரம் எப்பனா, பாசி செத்து நுண்தூசியா மிதந்து, பில்டரையும் தாண்டிப் போகும்போது. பிஎச் 7.2க்கும் 7.5க்கும் நடுவில் இருக்கணும். உங்க பூலுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ, வாளியில் கரைச்சு ஊத்தி, வால்வை ரீசர்குலேட்டில் (மணல் வழியா போகாம தண்ணி சுத்தற நிலை) வச்சு ஒரு மணி நேரம் சுத்த விட்டு, பம்பை நிறுத்தி ராத்திரி பூரா அசையாம விடணும். காலையில் அடியில் பஞ்சு மாதிரி உக்காந்திருக்கும். அதை வேஸ்ட் நிலையில் உறிஞ்சி வெளியேத்தணும். பில்டர் வழியா உறிஞ்சினா புது மணல் பாழ்.

---

பில்டர்மணல்

வேஸ்ட்டில் உறிஞ்சும்போது நீர்மட்டம் மளமளனு இறங்கும், ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போனா பம்ப் காத்து குடிச்சு சீல் எரிஞ்சுடும். போர் குழாயைப் போட்டுக்கிட்டே பண்ணுங்க. உறிஞ்சற பிரஷ்ஷை இழுக்கிற வேகம்: அடியில் இருக்கிறது புகையா கிளம்பினா வேகம் ஜாஸ்தி.

---

அழகர்மலைச்சாரல்

எலுமிச்சை விட்டதும் தெளிஞ்சிடுச்சு, சுண்ணாம்புதான். ஆசிட் போட்டு ஓடுது, இப்ப ரெண்டாவது படி வரைக்கும் தெரியுது.

கடைசியா ஒண்ணு. ஆவியாகிற தண்ணிக்குப் போர்தான் ஊத்தணுமா, வேற வழி உண்டா?

---

கொத்துக்கரண்டி

ஐப்பசி வருதே. மொட்டைமாடி எவ்வளவு? 1,500 சதுர அடினா 100 மில்லிமீட்டர் மழைக்கு வீணானது போக பன்னெண்டாயிரம் லிட்டர் வரும். அதில் கால்சியமும் இல்லை, காரமும் இல்லை. மாடிக் குழாயை பூலுக்குத் திருப்பி ஒரு வால்வும், முதல் மழையின் அழுக்கை வெளியே தள்ள ஒரு பிரிவுக் குழாயும் வச்சா போதும். முதல் கால் மணி நேர மழையை வெளியே விட்டுட்டு அப்புறம் திருப்புங்க, வேப்பம்பூவும் புறா எச்சமும் உள்ளே வராது. பூல் விளிம்பில் ஓவர்ப்ளோ பைப் அடைச்சிருக்கானு மழைக்கு முன்னாடி பாருங்க.

---

துளிச்சோதனை

ரொம்பச் சரி. கூடுதலா: கனமழை பெய்ஞ்ச மறுநாள் குளோரினையும் ஸ்டெபிலைசரையும் பாருங்க, வழிஞ்சு ஓடின தண்ணியோட ரெண்டும் போயிருக்கும். காரத்தன்மை 60க்குக் கீழே இறங்கினா சமையல் சோடா 640 கிராமுக்கு 10 ஏறும். உங்க போரை வச்சுப் பார்த்தா அந்தப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டியதே வராது, ஒரு நாள் போர் குழாயைத் திறந்து விட்டாலே போதும்.

அந்தப் பழைய குருணை டப்பாவை மாத்திரை இருக்கிற அலமாரியிலிருந்து இன்னிக்கே எடுத்து வேற அறைக்கு மாத்துங்க. ஆசிட் கேன் வெளியே, நிழலில், தனியா.